தண்ணீரைப் பழிக்கலாமா?

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் எங்கள் சிற்றூரில் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை தண்ணீரைப் பழிக்காத வீடு ஒன்றேனும் உண்டா? "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது", "இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது", "இந்தத் தண்ணீரில் குளித்தால் தலைமயிர் தேங்காய் நாராகிவிடும்" என்று ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு குறை கேட்கலாம். நாங்களும் அப்படிப் பழித்தவர்களே. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு சோதனைக்குப் பின், நாங்கள் பழித்த தண்ணீர் வேறு, பழித்திருக்க வேண்டிய தண்ணீர் வேறு என்று அறிந்தோம். அதைவிடப் பெரிதாக, தண்ணீரின் பெயரால் எங்களுள் ஒருத்தியையே பழித்திருந்தோம் என்றும் அறிந்தோம். அதைப் பற்றி எங்கள் கருத்தை அருட்சகோதரியர்க்கும், பெற்றோர்க்கும், தங்கையர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி. கேணிகள் வற்றிப் போன பின் ஆழ்துளைக் கிணறுகளே எங்களைக் காத்து வந்தன. பிறகு காவிரி வந்தது. 2013-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் எங்கள் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இன்று எங்கள் ஊரில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு. ஆற்றுத் தண்ணீர், "சப்பைத் தண்ணீர்" என்று ஊரார் முகம் சுளிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இவ்விரண்டிற்கும் இடையே "நல்ல தண்ணீர்" என்று பெயர் வாங்கிய வேப்பமரத்துக் கைக்குழாய்த் தண்ணீர். அந்த வேப்பமரத்தடியில் விடியற்காலை நான்கு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். அடுத்த தெருவிலிருந்தும் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வருவார்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும், கர்ப்பிணிக்குக் குடிக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் தேடிப்போய்க் கொண்டு வருவார்கள்.

எங்கள் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ சப்பையிலும் சப்பை. விடுதி மாணவியர் துணி துவைத்தால் சோப்புக் கட்டி கரையுமே தவிர நுரை எழும்பாது. வாளியின் மேல் ஏடு போல் ஒரு வெள்ளைத் திரைதான் மிதக்கும். சமையற்கட்டில் வெந்நீர்த் தவலையின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது போலப் பொருக்குக் கட்டிக் கிடக்கும். "இதைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வராதா?" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டனர். பள்ளிக்கு ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு மாணவியும் பணம் தர வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

அப்போதுதான் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர், "பழிப்பதற்கு முன் அளந்து பார்ப்போமே!" என்றார்.

முதலில் கடினத்தன்மை என்பது என்ன? மழைநீர் மென்னீர். அது மண்ணில் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. இவ்வுப்புகள் மிகுந்த நீரே கடினநீர். இவை சோப்புடன் சேர்ந்தால் கரையாத ஒரு பொருள் உண்டாகிறது. வாளியில் மிதக்கும் அந்த வெள்ளைத் திரை அதுதான். கால்சியம் முழுவதும் சோப்புடன் சேர்ந்து தீர்ந்த பிறகே நுரை எழும்பும். கடினநீருக்குச் சோப்பு மிகுதியாகச் செலவாவது இதனால்தான். பருப்பின் தோலையும் சதையையும் பிணைத்து நிற்கும் பொருளைக் கால்சியம் மேலும் இறுக்கி விடுவதால் பருப்பு எளிதில் மசிவதில்லை. நம் வீடுகளில் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவது இதற்குத்தான். பைகார்பனேட்டுகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை நீரைக் கொதிக்க வைத்தால் நீங்கி, தவலையில் பொருக்காகப் படியும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வரும் நிலைத்த கடினத்தன்மைக்குச் சலவைச் சோடா வேண்டும்.

இவையெல்லாம் தொல்லைகள்தாம். மறுக்கவில்லை. ஆனால் தொல்லை வேறு, தீங்கு வேறு அல்லவா? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரையிலும் ஏற்கலாம். உலகச் சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய பொருள்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சோதனை நாள் வந்தது. ஐந்து சோதனைக் குழாய்களில் ஐந்து வகைத் தண்ணீரைச் சம அளவில் எடுத்தோம். ஒன்று மழைநீர், இரண்டாவது ஆற்று நீர், மூன்றாவது பள்ளிக் கிணற்று நீர், நான்காவது வேப்பமரத்துத் தண்ணீர், ஐந்தாவது கடையில் வாங்கும் கேன் தண்ணீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிலையான நுரை வரும்வரை எண்ணினோம். மழைநீரும் கேன் தண்ணீரும் சில சொட்டுகளிலேயே நுரைத்தன. ஆற்று நீர் அடுத்தது. வேப்பமரத்துத் தண்ணீர் அதை ஒட்டியே வந்தது. எங்கள் பள்ளிக் கிணற்று நீரோ சொட்டுகளை விழுங்கிக்கொண்டே இருந்தது. எண்ணிய தோழி களைத்தே போனாள். வகுப்பே கைதட்டியது. "பார்த்தீர்களா சிஸ்டர், வேப்பமரத்துத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர்!" என்று வெற்றி முழக்கமிட்டோம்.

சிஸ்டர் புன்னகை செய்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பெட்டியுடன் வந்தார். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் அப்பயிற்சி பெற்றவர். அவருடைய பெட்டிதான் அது. அவரும் உடன் வந்திருந்தார். அதில் ஃபுளோரைடு என்ற பொருளைக் காட்டிக் கொடுக்கும் ஒரு மருந்து இருந்தது. அது இளஞ்சிவப்பு நிறமுடையது. ஃபுளோரைடு மிகுந்தால் சிவப்பு மறைந்து மஞ்சளாகும்.

ஆற்று நீரில் சிவப்பு ஏறக்குறைய அப்படியே நின்றது. நாங்கள் தூற்றிய பள்ளிக் கிணற்று நீரில் சற்றே வெளிறியது. அட்டையில் ஒப்பிட்டபோது வரம்புக்குள் இருந்தது. நாங்கள் போற்றிய வேப்பமரத்துத் தண்ணீர் கண்ணெதிரே மஞ்சளாகியது. யாரும் கைதட்டவில்லை. பெட்டியின் முடிவை மட்டும் நம்பக்கூடாது என்று மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திற்கும் மாதிரி அனுப்பினோம். அங்கிருந்து வந்த தாளும் அதையே சொன்னது. வேப்பமரத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியிருந்தது.

குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது, 1.5-க்கு மேல் எக்காரணத்தாலும் கூடாது. சிறிதளவு இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். மிகுந்தால் அதே பல்லைக் கெடுக்கும். ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, இந்நீரைக் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும், பின்பு மஞ்சள், பழுப்புக் கறைகளும் தோன்றும். எத்தனை தேய்த்தாலும் அக்கறை போகாது; ஏனெனில் அது பல்லின் மேல் படிந்த அழுக்கு அன்று, பல்லோடு பிறந்தது. மிக அதிகமான ஃபுளோரைடைப் பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, குனியவும் நிமிரவும் இயலாத நிலை வரும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்து எழுதப்பட்டது என்று சிஸ்டர் கூறினார். ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற இந்நோயின் பெயர் இருக்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். தாகம் தீர்க்க மட்டுமன்று, இந்நோயைத் தணிக்கவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நீர் வாசலுக்கு வந்த பிறகும் நாம் வேப்பமரத்தடிக்கு ஓடுகிறோம்!

நுரைக்கும் தண்ணீரில் நோயும், நுரைக்காத தண்ணீரில் நலமும் இருப்பது எப்படி? இதற்கும் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தின் அடியில் இருப்பவை பழமையான கடும்பாறைகள். அப்பாறைகளிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நீர் நெடுங்காலம் அவற்றோடு உறவாடும்போது அது கரைந்து வருகிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக்கி விடும். கால்சியம் குறைந்த மென்மையான கிணற்று நீரிலோ ஃபுளோரைடைத் தடுக்க யாருமில்லை. எல்லாக் கிணறும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கடினநீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருப்பதுண்டு. ஆகவேதான் கிணற்றுக்குக் கிணறு அளக்க வேண்டும். ஆனால் சோப்பு நுரையை வைத்தும் நாக்கின் ருசியை வைத்தும் நல்ல தண்ணீர் எது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பது மட்டும் உறுதி. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இனி நாங்கள் எழுதத் தயங்கும் பகுதி. ஆயினும் எழுதாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். ஆறாம் வகுப்பில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் சேர்ந்தவள். அவளுடைய முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. அவள் பல் துலக்குவதில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஒரு பட்டப்பெயரும் வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டோம். எங்களுள் சிலர் ஒரு பிறந்தநாளன்று அவளுக்குப் பல்பொடிப் பொட்டலத்தை வண்ணத் தாளில் சுற்றிப் பரிசளித்தோம். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றி" என்று சொன்னாள். அதன்பின் விடுதியில் விளக்கணைத்த பிறகு கிணற்றடியில் உப்பும் கரியும் வைத்து ஈறில் இரத்தம் வரும்வரை அவள் தேய்ப்பதைக் கண்டவர்களும் உண்டு. முந்தைய ஆண்டுகளின் குழுப் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். அத்தனையிலும் அவள் ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள்.

சிஸ்டர் பல்லில் வரும் கறையைப் பற்றி விளக்கி முடித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. அவள்தான் எழுந்தாள். "சிஸ்டர், அப்படியானால் நான் பல் துலக்காதவள் இல்லைதானே?" என்று கேட்டாள்.

சிஸ்டர், "இல்லையம்மா. நீ குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீர் அது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை" என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தலை குனிந்தோம். மன்னிப்புக் கேட்டோம், அவளும் மன்னித்தாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கள். என் தம்பிக்கு இன்னும் மூன்று வயதுதான் ஆகிறது" என்றாள். இக்கட்டுரை எழுதப்படுவதே அந்தத் தம்பிக்காகத்தான் என்று சொன்னாலும் மிகையாகாது. அவனுடைய நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்று அவன் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதுதான் அவன் ஆயுள் முழுவதும் சிரிக்கப்போகும் சிரிப்பு.

நாங்கள் இச்செய்தியை வீட்டில் சொன்னபோது எதிர்ப்பும் வந்தது. எங்களுள் ஒருத்தியின் பாட்டி, "போடி கண்ணு, நாங்க காலங்காலமா இந்த மண்ணுத் தண்ணியத்தான் குடிச்சோம், எங்க பல்லு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாட்டி சொல்வதிலும் உண்மை உண்டு. அவர் குழந்தையாக இருந்தபோது குடித்தது ஆழம் குறைந்த கேணித் தண்ணீர். அது ஆண்டுதோறும் மழையால் நிரம்பியது. பாறையோடு நெடுநாள் தங்கவில்லை. இன்று நாம் பல நூறு அடி துளைத்து, பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீரை எடுத்துக் குடிக்கிறோம். மண் அதே மண்தான். தண்ணீர் அதே தண்ணீர் அன்று.

"கொதிக்க வைத்துக் குடித்தால் போயிற்று" என்றனர் வேறு சிலர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தற்காலிகக் கடினத்தன்மையும் நீங்கும். ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால், மீதி நீரில் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் முறையொன்றை நாகபுரியிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனம் கண்டது. அதற்கு நல்கொண்டா முறை என்று பெயர். ஆனால் அதை அளவறிந்து செய்ய வேண்டும். கைக்கு வந்தபடி படிகாரத்தைக் கலக்கலாகாது.

பிறகு வந்தவர் இயந்திரம் விற்பவர். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குழாய் நீரையும் தம் இயந்திர நீரையும் ஊற்றி, மின்சாரம் பாயும் கம்பிகளை அமிழ்த்தினார். சிறிது நேரத்தில் குழாய் நீர் சாக்கடை போலப் பழுப்பாகிவிட்டது! இயந்திர நீரோ தெளிவாகவே நின்றது. அந்த வீட்டு அம்மாள் அழாக்குறையாக, "இதையா என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்!" என்றார். நாங்கள் சிஸ்டரிடம் ஓடினோம். அவர் ஆய்வுக்கூடத்தில் அதையே செய்து காட்டினார். கேன் தண்ணீரில் கம்பிகளை வைத்தபோது நிறம் மாறவில்லை. பிறகு அதில் நாம் உண்ணும் உப்பை ஒரு சிட்டிகை போட்டார். அதுவும் பழுப்பாகியது! உப்பு உள்ள நீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வெளிவரும். அழுக்குத் தண்ணீரில் இல்லை, கம்பியில் இருந்தது. அவர் காட்டிய எண் மீட்டரும் மொத்த உப்பைத்தான் சொல்லும்; அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது.

ஆர்.ஓ. இயந்திரம் பொய் என்று நாங்கள் கூறவில்லை. அது ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும். வேறு நீரே இல்லாத ஊருக்கு அது வேண்டும். ஆனால் அது நல்ல உப்புகளையும் சேர்த்தே நீக்குகிறது. பல வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இவற்றைத் தடை செய்யுமாறு 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே மத்திய அரசுக்கு ஆணையிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் உள்ளவர் கேன் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டால், பொதுக்குழாயைப் பற்றிக் கேட்பதற்கு ஊரில் யார் மிஞ்சுவார்? தோழியின் தம்பியா?

அப்படியானால் வழிதான் என்ன? சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு ஆறு லிட்டர் நீர் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் உள்ள வீட்டிற்கு 30 லிட்டர். ஒரு குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஆக, இரண்டே குடம்! ஆற்று நீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது. அன்று நான்கு குடம் பிடித்து மூடி வைத்தால் இரண்டு நாளுக்கும் போதும். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் கிணற்று நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் நடப்பது என்ன? ஆற்று நீரைப் பிடித்து வண்டி கழுவுகிறோம். வேப்பமரத்துத் தண்ணீரைச் சுமந்து வந்து குழந்தைக்குக் கொடுக்கிறோம். குடம் சுமப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள், பெண்பிள்ளைகள்தாம். சுமப்பது நோய் என்று அறிந்தும் சுமக்க வேண்டுமா?

ஆகவே எங்கள் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, பொதுக்குழாய் ஒவ்வொன்றிலும் அதன் நீரின் தன்மையை எழுதி வைக்க வேண்டும். வங்கதேசத்தில் ஆர்சனிக் நஞ்சு கலந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ள அது வழி செய்தது. வேப்பமரத்துக் குழாய்க்குச் சிவப்புச் சாயம் பூசுங்கள் என்று நாங்கள் பரிசோதனைத் தாளுடன் சென்று உரிய இடத்தில் கேட்டோம். "ஊரார் சண்டைக்கு வருவார்கள், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. ஒரு டப்பா சாயத்தின் விலை என்ன? சண்டைக்கு அஞ்சி உண்மையை மறைத்தால் அதற்கு விலை கொடுப்பது மூன்று வயதுக் குழந்தை அல்லவா?

இரண்டாவதாக, மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீர் பற்றாக்குறை என்று கிணற்று நீரைக் கலந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கலந்த அன்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். கலந்த நீரை அளக்கவும் வேண்டும்.

மூன்றாவதாக, எங்கள் பள்ளிக்கு. ஆர்.ஓ. இயந்திரத்திற்கு எண்ணிய பணத்தில் ஆற்று நீருக்கென்று ஒரு தனித்தொட்டியும் தனிக்குழாயும் அமைக்கலாம் என்பது எங்கள் கருத்து. தொட்டியை முறையாகக் கழுவி, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்கிறதா என்று அறிவியல் மன்றத்து மாணவியர் வாரந்தோறும் பார்க்கலாம். முடிவை இறைவேளைக்குப் பின் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். இதற்குப் பணம் கட்ட இயலாத மாணவி என்று ஒருத்தியும் தனித்து நிற்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே குழாயில் குடிப்போம்.

நான்காவதாக, மழைநீர். 2003-இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் அந்தக் குழி இன்று குப்பைக் குழியாகிவிட்டது. எங்கள் பள்ளிக் குழியையும் சேர்த்தே சொல்கிறோம்! வரும் விடுமுறையில் அதைத் தூர்வார எங்கள் வகுப்பு முன்வருகிறது. பாட்டியின் கேணியை நாம் மீட்க இயலாவிட்டாலும், அதை நிரப்பிய மழையையாவது மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்போம்.

ஐந்தாவதாக, பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், குடிக்கவும், சோறு வடிக்கவும், பால் கலக்கவும் ஆற்று நீரையே கொடுங்கள். சோறும் குழம்பும் தண்ணீரை உறிஞ்சுபவை. குடிநீரை மட்டும் மாற்றினால் போதாது. பாலும் கீரையும் கேழ்வரகும் போலச் சுண்ணாம்புச் சத்துள்ள உணவைக் கொடுங்கள். பல்லில் கறையுள்ள பிள்ளையைக் கண்டால், "பல் தேய்க்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். "எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

"தண்ணீரைப் பழிக்காதே" என்று முன்னோர் சொன்னது, அதைச் சோதிக்காதே என்ற பொருளில் அன்று என்று நாங்கள் எண்ணுகிறோம். தண்ணீர் தான் கடந்து வந்த பாறையைச் சுமந்து வருகிறது. அதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. அதுபோலவே எங்கள் தோழியும் தான் பிறந்த ஊரின் தண்ணீரைத் தன் பல்லில் சுமந்து வந்தாள், அவளிடமும் குற்றமில்லை. அளக்காமல் பழித்தது எங்கள் குற்றம்.

இவ்விதழில் வெளிவரும் பத்தாம் வகுப்புப் புகைப்படத்தைத் தயவுசெய்து பாருங்கள். இரண்டாம் வரிசையில் நிற்கும் எங்கள் தோழி இம்முறை வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். அவள் தம்பி பள்ளிக்கு வரும் நாளில் வேப்பமரத்துக் குழாய் சிவப்பாக இருக்க வேண்டும். அதற்கு நம்மால் ஆனதைச் செய்வோமாக!

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பில், அவ்வகுப்பு மாணவி